திங்கட்கிழமையின் மூச்சு: பஞ்சாலைத் தொழிலாளரின் நுரையீரல் நோயும் செவிலியர் ஊழியமும்

தொழிலால் வரும் நோய்களுள் ஓய்வுநாளை மதிக்கும் நோய் ஒன்று உண்டு. பஞ்சாலையில் பல ஆண்டுகள் தூசியைச் சுவாசித்த தொழிலாளியை அது ஞாயிற்றுக்கிழமையன்று தொடுவதில்லை. திங்கட்கிழமை அவர் வேலைக்குச் சென்று சில மணி நேரம் கழிந்த பின்னரே மார்பு இறுகுகிறது, மூச்சுத் திணறுகிறது, இருமல் தொடங்குகிறது. செவ்வாய், புதன் என நாள்கள் செல்லச் செல்ல அவ்விறுக்கம் தணிந்துவிடுகிறது. அடுத்த ஞாயிறு ஓய்வு. அடுத்த திங்கள் மீண்டும் அதே இறுக்கம். மருத்துவ நூல்கள் இதனைப் பிசினோசிஸ் என்கின்றன. ஆலைத் தொழிலாளர் இதனைத் திங்கட்கிழமையின் பெயராலேயே அறிந்திருந்தனர்.

ஆயர் தம் மக்களைச் சபையாகச் சந்திக்கும் நாள் ஞாயிறு. அந்நாளில் ஆலைத் தொழிலாளி மற்றவரைப் போலவே பாடுகிறார். மற்றவரைப் போலவே மூச்சு விடுகிறார். எனவே இந்நோய் ஆயரின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. அதனைக் காணக்கூடியவர், வேலைநாளில் தொழிலாளியின் அருகில் நிற்பவர், குறிப்பாகச் செவிலியர். இந்நோயின் வரலாற்றையும் செவிலியர் ஊழியத்தின் வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், திருச்சபைக்கு உரிய ஒரு கேள்வி அவற்றினூடே எழுவதை நாம் காணலாம். அக்கேள்வியைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்கேள்வியை நாம் உப்பூரில் நின்று கேட்க விரும்புகிறோம். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே, பாக் நீரிணைக் கரையோரத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர் அது. அதன் பெயரே உப்பை நினைவூட்டும். பஞ்சாலைகளால் அறியப்பட்ட ஊரன்று அது. எனினும் அது சேர்ந்திருந்த பழைய இராமநாதபுரம் மாவட்டம் பஞ்சாலைகளை நன்கு அறிந்தது. 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்படும் வரை இராசபாளையம், அருப்புக்கோட்டை, சாத்தூர், விருதுநகர் ஆகிய ஊர்களும் உப்பூரும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. மேற்கே கரிசல் மண்ணும் பருத்தியும் ஆலையும். கிழக்கே மணலும் மீன்பிடிப்பும் மழையை நம்பிய வேளாண்மையும். மழை பொய்த்த ஆண்டுகளில் கிழக்கிலிருந்து மேற்கே மக்கள் வேலை தேடிச் சென்றனர். ஆலை எங்கோ இருக்க, ஆலையின் நோய் வந்து சேரும் வீடு இக்கடற்கரையில் இருக்கலாம்.

1. ஒரு கிரேக்கச் சொல்லின் பயணம்

பிசினோசிஸ் என்னும் பெயர் புதிய ஏற்பாட்டை மூலமொழியில் படிக்கும் மாணவருக்கு அந்நியமானதன்று. அதன் வேர் பிஸ்ஸொஸ் என்னும் கிரேக்கச் சொல். ஆளி நாரினால் நெய்யப்பட்ட மெல்லிய, விலையுயர்ந்த துணியை அது குறிக்கும். லூக்கா நற்செய்தி 16ஆம் அதிகாரத்தில், வாசலில் கிடந்த லாசருவைக் காணாமல் வாழ்ந்த செல்வன் உடுத்தியிருந்த ஆடை இதுவே. வெளிப்படுத்தின விசேஷம் 18ஆம் அதிகாரத்தில் வீழ்ந்த மாநகரின் வணிகச் சரக்குப் பட்டியலிலும் இத்துணி இடம்பெறுகிறது. அதற்கடுத்த அதிகாரத்திலோ அதே துணி பரிசுத்தவான்களின் ஆடையாகிறது.

1877இல் பிரெஞ்சு மருத்துவர் அத்ரியான் புரூஸ்த், நாரும் பஞ்சும் பிரிக்கும் தொழிலாளரின் மார்பு நோய்க்கு இச்சொல்லிலிருந்து பெயர் அமைத்தார். புகழ்பெற்ற நாவலாசிரியர் மார்செல் புரூஸ்தின் தந்தை அவர். உவமையில் செல்வனின் ஆடை சொல்லப்படுகிறது; அந்த ஆடைக்கு நார் சீவியவர் யார் என்பது சொல்லப்படவில்லை. நூற்றாண்டுகளுக்குப் பின் மருத்துவம் அந்த ஆடையின் பெயரை எடுத்து, அதனை உண்டாக்கியவரின் நோய்க்குச் சூட்டியது. உடுத்தியவரின் பெருமையாக இருந்த சொல், உழைத்தவரின் துன்பத்துக்குப் பெயராயிற்று.

2. நோயைக் கண்டவர்கள்

தொழில்நோய் மருத்துவத்தின் தந்தை எனப்படும் இத்தாலியர் பெர்னார்தினோ ராமஸ்ஸினி 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்கள் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஆளியும் சணலும் சீவுவோரின் இருமலையும் மூச்சிரைப்பையும் அவர் அதில் விவரித்தார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கவேண்டிய பழைய கேள்விகளோடு அவர் ஒரு கேள்வியைச் சேர்த்தார்: நீர் என்ன தொழில் செய்கிறீர்? எளிய கேள்விதான். ஆனால் ஏழையின் வீட்டில் அமர்ந்து பொறுமையாகக் கேட்டால்தான் அதற்கு முழுமையான விடை கிடைக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இங்கிலாந்தில் இயந்திர ஆலைகள் பெருகியபோது, மான்செஸ்டர் மருத்துவர் ஜேம்ஸ் பிலிப்ஸ் கே 1831இல் நூற்பாலைத் தொழிலாளரின் மார்பு நோயைத் தனியே விவரித்தார். 1845இல் பெல்ஜிய நாட்டின் கென்ட் நகரில் மரெஸ்கா, ஹேமன் என்னும் இருவர் ஏறத்தாழ 2000 பஞ்சாலைத் தொழிலாளரை விசாரித்தனர். வாரக் கடைசியைவிடத் திங்களிலும் செவ்வாயிலும் தூசி அதிகம் துன்புறுத்துகிறது என்று தொழிலாளரே அவர்களிடம் கூறினர். இந்நோயின் தனி அடையாளம் நூலில் ஏறியது இவ்வாறே. தொழிலாளர் தம் உடம்பில் அறிந்திருந்ததைக் கேட்டு எழுத இருவர் வந்தனர், அவ்வளவே.

அதே மான்செஸ்டரில் வேறொரு சாட்சியும் உண்டு. எலிசபெத் காஸ்கெல் ஒரு சபைப் போதகரின் மனைவி. ஆலைத் தொழிலாளர் வீடுகளுக்குச் சென்று பழகியவர். 1854, 1855ஆம் ஆண்டுகளில் தொடராக வெளிவந்த அவருடைய ‘வடக்கும் தெற்கும்’ நாவலில், கார்டு அறையில் பறக்கும் பஞ்சு நுரையீரலில் படிந்து இளம்பெண் ஒருத்தி இறக்கிறாள். தூசியை இழுத்து வெளியேற்றும் சக்கரம் இருந்தும், செலவாகும், இலாபம் தராது என்பதற்காகப் பல முதலாளிகள் அதனை அமைக்கவில்லை என்பதையும் அந்நாவல் பதிவு செய்கிறது. நோய்க்குப் பெயர் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே அதன் காரணமும் தடுக்கும் வழியும் தடைக்கான காரணமும் ஒரு போதகரின் இல்லத்திலிருந்து எழுதப்பட்டுவிட்டன.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் லங்காஷயரில் இந்நோய் மறைந்துவிட்டது என்று பலர் நம்பினர். 1950களில் மருத்துவர் ரிச்சர்ட் ஷில்லிங் கார்டு அறைத் தொழிலாளரை ஆராய்ந்து, நோய் மறையவில்லை, கேட்பார்தாம் இல்லை என்று காட்டினார். அவர் வகுத்த படிநிலைகள் இன்றும் பயன்படுகின்றன. விடுமுறைக்குப் பிந்திய முதல் நாளில் எப்போதாவது இறுக்கம். பின்னர் ஒவ்வொரு முதல் நாளிலும் இறுக்கம். பின்னர் மற்ற நாள்களிலும் இறுக்கம். இறுதியில் மூச்சின் அளவே நிலையாகக் குறைந்துபோதல். முதற்படிகளில் தூசியை விட்டு விலகினால் தேறலாம். கடைசிப் படியில் திரும்பும் வழி இல்லை.

3. ஆலைத் தொழிலாளிக்கு ஞாயிறு வந்த வழி

திங்கட்கிழமை நோயை அறிவதற்கு ஞாயிறு ஒன்று வேண்டும். ஓய்வே இல்லாத ஆலையில் இறுக்கம் எந்த நாளில் தொடங்கிற்று என்பது தெரியாது. நம் நாட்டில் ஆலைத் தொழிலாளிக்கு ஞாயிறு எவ்வாறு வந்தது என்பதைத் திருச்சபையார் அறிந்திருப்பது நலம்.

பம்பாயில் ஜோதிராவ் பூலேயின் வழிவந்த நாராயண் மேகாஜி லோகண்டே பஞ்சாலைத் தொழிலாளரைத் திரட்டி வாராந்தர ஓய்வுக்காகப் பல ஆண்டுகள் போராடினார். 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறையை ஏற்றனர். அடுத்த ஆண்டில் வந்த தொழிற்சாலைச் சட்டம் வார ஓய்வுக்கு இடமளித்தது. ஆயினும் சட்டம் எல்லா ஆலைகளையும் ஒரே வேகத்தில் எட்டவில்லை.

தென்தமிழ்நாட்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஹார்வி சகோதரர்கள் 1880களில் தாமிரபரணியின் நீர்வலிமையைக் கொண்டு பாபநாசத்தில் நூற்பாலை நிறுவினர். பின்னர் தூத்துக்குடியில் கோரல் ஆலையையும் 1892இல் மதுரையில் பெரிய ஆலையையும் தொடங்கினர். 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். கூலி உயர்வோடும் வேலைநேரக் குறைப்போடும் வார விடுமுறையும் அவர்களுடைய கோரிக்கையாக இருந்தது. சில நாள்களில் நிர்வாகம் இணங்கியது.

ஞாயிற்றுக்கிழமையை ஆண்டவருடைய நாளாகக் கொண்டாடிய சபைகள் அந்நாளில் தூத்துக்குடியிலும் பம்பாயிலும் இருந்தன. ஆலைத் தொழிலாளிக்கு அந்நாளைப் பெற்றுத்தந்த போராட்டங்களின் முன்னணியில் நின்றவர்களோ பூலேயின் மாணாக்கரும் சுதேசி இயக்கத்தாரும் ஆவர். இதனை நாம் குற்றச்சாட்டாகக் கூறவில்லை, வரலாறாகக் கூறுகிறோம். யாத்திராகமம் 23ஆம் அதிகாரம் ஓய்வுநாளின் நோக்கத்தைச் சொல்லும்போது, அடிமைப்பெண்ணின் மகனும் அந்நியனும் இளைப்பாறும்படி என்னும் கருத்தைத் தருகிறது. அங்கே வரும் எபிரேய வினைச்சொல் நெபெஷ் என்னும் பெயர்ச்சொல்லோடு உறவுடையது. அதன் நேர்ப்பொருள் மூச்சு வாங்குதல், உயிர்மூச்சை மீளப்பெறுதல் என்பதாகும். பஞ்சாலைத் தொழிலாளியிடம் இச்சொல்லுக்கு விரிவுரை தேவையில்லை.

4. செவிலியர் ஊழியம் தோன்றிய வழி

நவீன செவிலியர் ஊழியத்தின் தோற்றத்தில் ஒரு நெசவாலையின் வீழ்ச்சி இருக்கிறது என்பது பலரும் மறந்த செய்தி. 1822இல் தெயோடோர் பிளீட்னர் என்னும் இளம் போதகர் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்னும் சிற்றூருக்கு வந்தார். அவர் வந்த சிறிது காலத்தில், அச்சபையார் பிழைப்புக்கு நம்பியிருந்த வெல்வெட் ஆலை நொடித்தது. சபையைக் காக்க நிதி திரட்டுவதற்காக அவர் ஆலந்துக்கும் இங்கிலாந்துக்கும் பயணம் செய்தார். அங்கே சிறைப்பணியிலும் ஏழைகள் பணியிலும் ஈடுபட்டவர்களைக் கண்டு திரும்பினார். 1836இல் அவரும் அவர் மனைவி பிரெடெரிக்கேயும் பெண்களுக்கு நோயாளர் பணியில் பயிற்சி தரும் டீக்கனஸ் இல்லத்தைத் தொடங்கினர். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1851இல் பயிற்சி பெற்றது அவ்வில்லத்திலேயே. வேலையிழந்த நெசவாளர் சபையின் போதகர் ஒருவர் தம் மக்களின் வாரநாள் துன்பத்தை உற்றுநோக்கியதன் கனி அது.

ஆலைகளுக்கென்றே செவிலியரை அமர்த்தும் வழக்கம் பின்னர் வந்தது. 1878இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் கோல்மன் கடுகு ஆலை பிலிப்பா பிளவர்டே என்பாரை நியமித்தது. காலையில் ஆலை மருந்தகத்தில் மருத்துவருக்குத் துணை. பிற்பகலில் நோயுற்ற தொழிலாளரின் வீடுகளுக்குச் செல்லுதல். ஆலை ஒரு கை, வீடு மறு கை என்னும் இம்முறை தொழில்துறைச் செவிலியர் ஊழியத்துக்கு இலக்கணமாயிற்று.

நம் நாட்டில் செவிலியர் கல்வி வேரூன்றியதில் மிஷன் மருத்துவமனைகளின் பங்கு பெரிது. வேலூரில் 1909இல் டெலியா ஹௌட்டன் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் அங்கே செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கிற்று. ஆனால் அக்கல்வி பெரும்பாலும் மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றியே அமைந்தது. தொழிலாளி கட்டிலுக்கு வருமுன் நிற்கும் இடமாகிய ஆலையை நோக்கிச் செவிலியரை அனுப்பியது சட்டமே. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு, ஐந்நூறு பேருக்கு மேல் வேலைசெய்யும் தொழிற்சாலையில் முதலுதவி அறை ஒன்று இருக்கவேண்டும், அது மருத்துவர் செவிலியர் பொறுப்பில் இருக்கவேண்டும் என்று விதித்தது. அதன் 89ஆம் பிரிவு, பட்டியலிட்ட தொழில்நோயைக் கண்ட மருத்துவர் அதனை அரசுக்கு அறிவிக்கவேண்டும் என்றது. பிசினோசிஸ் அப்பட்டியலிலும், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும், தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டத்தின் பட்டியலிலும் இடம்பெற்றது. ஈட்டுறுதித் திட்டம் தமிழ்நாட்டில் முதன்முதலாக 1955இல் பஞ்சாலை நகரமாகிய கோயம்புத்தூரில் தொடங்கப்பட்டது. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தை, 2020இல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் எடுத்துக்கொண்டது.

சட்டத்தின் பட்டியலில் நோய் இருந்தது. பதிவேட்டில் நோயாளி அரிதாகவே இருந்தார். ஐந்நூறுக்குக் குறைவானவர் வேலைசெய்த ஆலைகளை 45ஆம் பிரிவு எட்டவில்லை. எட்டிய இடத்திலும், காயத்துக்குக் கட்டுப்போடுவதும் தலைவலிக்கு மாத்திரை தருவதுமே முதலுதவி அறையின் வேலை என்று கருதப்பட்டால், நோய் அறைக்குள் வந்தும் பெயர் பெறாமல் திரும்பிவிடும். அகமதாபாத்தில் 1966இல் தொடங்கப்பட்டுத் தேசியத் தொழில்நல நிறுவனமாக வளர்ந்த ஆய்வு நிலையத்தார், அந்நகர ஆலைகளின் பஞ்சு பிரிக்கும் பகுதியிலும் கார்டு அறையிலும் ஆராய்ந்தபோது நோயைக் கண்டனர். தேடியவர் கண்டனர் என்பதே அதன் பாடம்.

5. செவிலியர் செய்வது என்ன

இந்நோயில் செவிலியரின் இடம் ஏன் இவ்வளவு முதன்மையானது? அதற்குக் காரணம் நோயின் இயல்பிலேயே உள்ளது. பருத்தியோடு ஒட்டிவரும் காய்ந்த சருகும் செதிலும், அவற்றில் வாழும் நுண்ணுயிர்களின் எண்டோடாக்சின் என்னும் நச்சும் தூசியாகி மூச்சுக்குழாய்களைத் தாக்குகின்றன. பஞ்சுப் பொதியை உடைத்துப் பிரிக்கும் ப்ளோ ரூமிலும், பஞ்சைச் சீவி இழையாக்கும் கார்டிங் பகுதியிலும் இத்தூசி மிகுதி. ஆனால் சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலில் மணல்தூசி விட்டுச்செல்வது போன்ற தனி அடையாளம் எதனையும் பஞ்சுத்தூசி எக்ஸ்ரே படத்தில் விட்டுச்செல்வதில்லை. முற்றிய நிலையில் இது சாதாரண நாட்பட்ட மூச்சுக்குழாய் நோய் போலவே தோன்றும். ஆகவே நோயை அறியும் முதற்கருவி படமன்று, கேள்வி. எந்தப் பகுதியில் வேலை? எத்தனை ஆண்டு? இறுக்கம் எந்த நாளில்? விடுமுறையில் எப்படி? இவற்றைக் கேட்டு எழுதி வைப்பவர் செவிலியர்.

இரண்டாவது கருவி மூச்சளவுமானி. ஆழ இழுத்த மூச்சை வேகமாக ஊதும்போது முதல் ஒரு விநாடியில் வெளிவரும் காற்றின் அளவை அது காட்டும். ஓய்வுக்குப் பிந்திய முதல் நாளில் வேலைக்கு முன்னும் வேலை நேரத்தின் பிற்பகுதியிலும் அளந்து ஒப்பிடவேண்டும். 1978இல் அமெரிக்க அரசு வகுத்த பருத்தித்தூசி விதி, நூற்புப் பகுதியில் ஒரு கனமீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் தூசி இருத்தலாகாது என்றது. பஞ்சுத்தூசியிலிருந்து குறைந்தது 35 மணி நேரம் விலகியிருந்தபின் வரும் முதல் வேலையின்போது இச்சோதனையைச் செய்யவேண்டும் என்றும் கூறிற்று. ஓய்வுநாளின் அளவு இவ்வாறு மருத்துவ விதிக்குள்ளும் புகுந்தது. நம் ஆலைகளில் வார விடுமுறை தொழிலாளருக்குத் தொழிலாளர் மாறி வரும் இடங்களும் உண்டு. அங்கே ஒருவருடைய திங்கட்கிழமை வியாழனாக இருக்கும். அதனை அறிந்து நாள் குறிப்பதும் செவிலியரின் நுண்ணறிவைச் சார்ந்தது.

மூன்றாவது, நம் நாட்டுக்குரிய ஓர் இடர்ப்பாடு. நீடித்த இருமல் என்றவுடன் நாம் காசநோயை நினைக்கிறோம், நினைப்பதும் முறையே. சளிச் சோதனை செய்யவேண்டும். ஆனால் சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்றவுடன் நோயே இல்லை என்று அனுப்பிவிடுவது தவறு. இங்கே நம் தலைநகரின் ஒரு வரலாறு வழிகாட்டும். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்துண்ட ஏழை நோயாளரும் சானடோரியத்தில் இருந்தவருக்கு நிகராகத் தேறினர் என்பதை 1959இல் உலகுக்குக் காட்டிற்று. அம்முடிவு நின்றது மருந்தினால் மட்டுமன்று. குடிசை குடிசையாகச் சென்று நோயாளரைத் தொடர்ந்து கண்ட செவிலியராலும் சுகாதாரப் பணியாளராலும் நின்றது. பஞ்சாலை நோய்க்கும் அத்தகைய கால்கள் வேண்டும்.

நான்காவது, நோயைக் கண்டபின் செய்யவேண்டியது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொள் என்று சொல்வதோடு பணி முடியாது. நூல் அறுந்துபோகாமல் இருக்க ஆலைக்குள் ஈரப்பதம் கூட்டப்பட்டிருக்கும். அப்புழுக்கத்தில் முகக்கவசம் நீண்ட நேரம் முகத்தில் நிற்பதில்லை. உண்மையான பரிகாரம் தூசியை அது பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சி எடுப்பதும், காற்றை ஊதித் துப்புரவு செய்யும் பழக்கத்தை விடுவதும், நோய் தொடங்கியவரைக் கூலி குறையாமல் வேறு பகுதிக்கு மாற்றுவதும் ஆகும். பீடி, சிகரெட் பழக்கம் நோயை விரைவுபடுத்தும் என்பதை எடுத்துரைப்பதும் செவிலியர் கடமையே. ஆனால் அதனையே முழுக்காரணமாக்கி ஆலையைக் குற்றத்திலிருந்து விடுவித்தல் ஆகாது.

இங்கேதான் செவிலியரின் சிலுவை இருக்கிறது. அவருக்குச் சம்பளம் தருவது ஆலை. அவரிடம் உண்மையை ஒப்படைப்பவர் தொழிலாளி. பதிவேட்டில் எழுதினால் தொழிலாளி வேலையை இழக்கலாம்; எழுதாவிட்டால் மூச்சை இழப்பார். 1985இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற 161ஆம் உடன்படிக்கை, தொழில்நலப் பணியாளர் முதலாளியையும் தொழிலாளியையும் சாராத முழுத் தொழில்முறைச் சுதந்திரம் உடையவராக இருக்கவேண்டும் என்றது. அச்சுதந்திரத்தைத் தாளில் எழுதுவது எளிது. இரவுப் பணி முடிந்து தனியே விடுதிக்குத் திரும்பும் இளம் செவிலியர் ஒருவர் அதனைக் கைக்கொள்வது எளிதன்று.

6. கடற்கரையிலிருந்து ஆலைக்கு

இந்திய நூற்பாலைகளில் ஏறக்குறையப் பாதி தமிழ்நாட்டில் உள்ளன. பழைய பெரிய ஆலைகளில் ஆண்கள் பல ஆண்டுகள் நிலையான வேலையில் இருந்தனர். அவர்களுக்குச் சங்கம் இருந்தது. 1990களின் இறுதியிலிருந்து கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களில் பல ஆலைகள் இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து வேலை வாங்கும் முறைக்கு மாறின. மூன்று ஆண்டு வேலை செய்தால் இறுதியில் திருமணத்துக்கு ஒரு தொகை என்பது வாக்குறுதி. சுமங்கலித் திட்டம் என்றும் திருமகள் திருமணத் திட்டம் என்றும் மங்கலப் பெயர்கள் அதற்குச் சூட்டப்பட்டன. தரகர்கள் ஆள் தேடிச் சென்றது வறண்ட தென்மாவட்டங்களுக்கு. இராமநாதபுரம் அவற்றுள் ஒன்று. கேம்ப் கூலி என்று மக்கள் சொல்லும் முறையும் இதுவே.

இம்முறையில் நோய் எவ்வாறு மறைகிறது என்பதை நாம் சிந்திக்கவேண்டும். நோய் முற்றுவதற்குப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். முதற்படியில் இருக்கும் பெண் மூன்று ஆண்டில், அல்லது அதற்கு முன்னரே, ஆலையை விட்டுச் செல்கிறாள். அவளிடத்தில் புதியவள் வருகிறாள். ஆலையின் பதிவேடு எப்போதும் நலமுடையோரின் பதிவேடாகவே இருக்கும். அவள் பொங்கலுக்கோ கிறிஸ்துமசுக்கோ ஊருக்கு வரும்போது கடற்காற்றில் மூச்சு இலேசாகிவிடுகிறது; தாயும் கவலை தீர்கிறாள். நீண்ட விடுப்புக்குப் பின் ஆலைக்குள் நுழையும் முதல் நாளே கடுமையான நாள். அன்று அவளருகே உறவினர் எவரும் இல்லை. ஊரார் காண்பது அவளுடைய ஞாயிறுகளை மட்டுமே. அவளுடைய திங்களைக் காண்பவர், அந்த ஆலையில் கேட்கத் தெரிந்த செவிலியர் ஒருவர் இருந்தால், அவர் மட்டுமே.

7. ஆயரும் செவிலியரும்

ஆலைக்கும் சபைக்கும் உள்ள உறவு பற்றி லிஸ்டன் போப் என்னும் இறையியலறிஞர் 1942இல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்காவின் வட கரோலினாவில் காஸ்டோனியா என்னும் பஞ்சாலை நகரின் சபைகளை அவர் ஆராய்ந்தார். ஆலைகள் சபைகளுக்குப் பொருளுதவி செய்தன; 1929இல் லோரே ஆலையில் வேலைநிறுத்தம் வந்தபோது போதகர்கள் தொழிலாளர் பக்கம் நிற்கவில்லை என்று அவர் காட்டினார். போதகர்கள் தீயவர்கள் என்பதன்று அவர் முடிவு. கட்டடத்துக்கும் சம்பளத்துக்கும் யாரிடம் கை நீட்டுகிறோமோ, அவருடைய ஆலைக்குள் நடப்பதைக் கேட்கும் வாய் தானே மூடிக்கொள்கிறது என்பதே அவ்வரலாறு தரும் எச்சரிக்கை. ஆலைச் செவிலியரின் இக்கட்டும் ஆயரின் இக்கட்டும் இங்கே ஒன்றாகின்றன. எனவே ஒருவரையொருவர் தாங்கவேண்டியவர்கள் இவ்விருவருமே.

இவ்வரலாற்றிலிருந்து ஆயர் செய்யக்கூடிய சில எளிய செயல்களை நாம் முன்வைக்கிறோம். சபைப் பதிவேட்டில் ஞானஸ்நானமும் திருமணமும் எழுதுகிறோம். யார் எந்த ஆலையில், எந்தப் பகுதியில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை வேலை செய்தார் என்பதையும் எழுதலாம். பிற்காலத்தில் இழப்பீடு கோரும்போது வேலையை நிறுவும் சான்று இல்லாமல் தவிப்போர் பலர். ஈட்டுறுதி அட்டையையும் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்தும்படி ஊருக்கு வரும் பிள்ளைகளிடம் சொல்லலாம். வீடு சந்திக்கும்போது ராமஸ்ஸினியின் கேள்வியோடு கென்ட் நகரத் தொழிலாளர் கற்பித்த கேள்வியையும் கேட்கலாம்: என்ன தொழில்? விடுமுறை முடிந்து போன முதல் நாளில் மார்பு எப்படி? இறுக்கம் உண்டு என்பாரை ஈட்டுறுதி மருத்துவமனைக்கோ அரசு மருத்துவமனைக்கோ அனுப்பும்போது, வேலையின் விவரத்தை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தால் மருத்துவரின் வேலை பாதி முடிந்துவிடும்.

கிராமச் சுகாதாரச் செவிலியர் நம் ஊர்களில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் காண வீடுதோறும் செல்கிறார். ஆலையிலிருந்து திரும்பிய இளம்பெண்ணே சில ஆண்டுகளில் அவர் காணும் கர்ப்பிணியாகிறாள். அவரோடு ஆயர் நட்புக் கொண்டால், இருமலுக்குப் பின்னால் இருக்கும் ஆலை மறையாது. நம் சபைகளிலிருந்து செவிலியராகச் சென்ற பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுள் ஆலைப்பணியில் இருப்போருக்கு நாம் தரவேண்டியது புகழுரை மட்டுமன்று. உண்மையை எழுதியதற்காக அவர் இடர்ப்படும் நாளில் அவரோடு நிற்பது. இறையியல் மாணவரின் களப்பணி பெரும்பாலும் சனி, ஞாயிறுகளில் அமைகிறது. அதில் ஒரு பகுதியை வாரத்தின் முதல் வேலைநாளுக்கு மாற்றினால், நூலகத்தில் கற்க இயலாத ஒன்றை அவர்கள் கற்பார்கள்.

நம் மொழியில் ஆவி என்னும் சொல் மூச்சையும் குறிக்கும். வேதாகமத்தின் இரு மூலமொழிகளிலும் அவ்வாறே. மனிதனுக்குள் தம் மூச்சை ஊதிய ஆண்டவரைப் பிரசங்கிக்கும் நாம், அம்மூச்சு எந்த நாளில், எந்த அறையில், யாருடைய இலாபத்துக்காகத் தடைபடுகிறது என்று கேட்கக் கடமைப்பட்டவர்கள். ஞாயிறு ஆராதனையில் எளிதாக எழும் ஒரு பெண்ணின் குரலைக் கேட்டு நாம் நன்றி கூறுகிறோம். அடுத்த நாள் அவள் எங்கே மூச்சு விடுகிறாள் என்பதையும் அறிந்து கூறும் நன்றியே முழுமையானது.